வெயிலில் காயப்போட்ட தம்பி

என் உதட்டோரத்தில் வெள்ளை விழுந்ததை முதலில் கண்டவள் அக்கா. நான் பால்மாப் பேணிக்குள் கைவிட்டுக் களவாகத் தின்றுவிட்டேன் என்றுதான் அவள் நினைத்தாள்.

“வாயைத் துடைச்சுப்போட்டு வந்து பொய் சொல்லடா, கள்ளா.”

துடைத்தேன். போகவில்லை. தன் தாவணி நுனியால் அவளும் துடைத்தாள். போகவில்லை. பிறகு கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், சவுக்காரம் போட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டையால் உரஞ்சினாள். தோல் கிழிந்து இரத்தம் வந்தது. இரத்தத்தைக் கழுவிவிட்டுப் பார்த்தால் வெள்ளை அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள். எடுத்த கையைத் தன் பாவாடையில் இரண்டு மூன்று தரம் துடைத்தாள். அன்றைக்கே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அப்போது நாங்கள் புங்குடுதீவில், இறுப்பிட்டியில் இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பர் தெற்கே கடை வைத்திருந்தவர். கலவரத்தோடு கடை போனது, கொஞ்சக் காலத்தில் அவரும் போனார். மிஞ்சியது அம்மா, அக்கா, நான். அம்மா பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்து ஒடியலாக்கி விற்பார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஜெற்றியில் மூட்டை இறக்குவேன். மூட்டை இல்லாத நேரத்தில் வள்ளத்தால் இறங்குகிறவர்களைப் பகிடி பண்ணுவேன்.

வெள்ளை பரவியது. கழுத்துக்கு வந்தது, பிறகு இரண்டு கைகளுக்கும் வந்தது. ஊரில் இதற்கு வெண்குட்டம் என்று பெயர். குட்டம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், சனம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கதைக்கும். நானோ வலது கையில் இருந்த பெரிய வெள்ளைக்குப் பக்கத்துத் தீவு வேலணை என்றும் அதற்குக் கீழே இருந்ததற்குப் புங்குடுதீவு என்றும் பெயர் வைத்தேன். இரண்டும் ஒருநாள் ஒட்டிக்கொண்டன. “அக்கா, பாலம் போட்டாச்சு, இனி பஸ் ஓடும்” என்று கையை நீட்டிக் காட்டினேன். அகப்பைக் காம்பால் அந்தப் பாலத்திலேயே ஒரு அடி போட்டாள்.

அவள் அடித்ததற்கு நியாயம் இருந்தது. அவளுக்கு நாரந்தனையில் இருந்து ஒரு சம்பந்தம் பேசிவந்திருந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அதற்கு முன் வந்த சம்பந்தங்கள் எல்லாம் ஒவ்வொரு காரணத்துக்காக வேலியோடு திரும்பிப் போனவை. இதுவும் போனால் பிறகு இரண்டாந்தாரம்தான் என்று அம்மா அடுப்படியில் இருந்து அழுவார். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பெண்ணின் சகோதரத்தைப் பார்ப்பார்கள், அதன் பல்லைப் பார்ப்பார்கள், தோலைப் பார்ப்பார்கள். தம்பிக்கு வெண்குட்டம் என்றால் நாளைக்குப் பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கும் வெண்குட்டம் என்று அங்கேயே தீர்மானித்துவிடுவார்கள். என்னை ஒளித்து வைக்கவும் ஏலாது. கலியாணத்தன்று மாப்பிள்ளைக்கு வாசல் படலையில் வைத்துக் கால் கழுவி, கை பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகிற தோழன், பெண்ணின் தம்பிதான். அக்காவுக்கு இருப்பது ஒரேயொரு தம்பி. அதுவும் இந்தப் புள்ளித் தம்பி.

“நீ செத்துப்போனாலும் காரியமில்லையடா. செத்த தம்பிக்குப் பதிலா ஒருத்தனைப் பிடிக்கலாம். உயிரோட இருக்கிற உன்னை என்ன செய்யிறது?” என்று ஒருநாள் கேட்டாள். மிகவும் யோசித்துத்தான் கேட்டாள்.

“கோவிலடியில கட்டிவிடு. வெள்ளை மாடு எண்டு சனம் கும்பிடும்” என்றேன்.

அந்தக் காலத்தில் தீவுப்பகுதியின் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒருநாள் பட்டினத்தில் இருந்து ஒரு தோல் டொக்டர் வருவார். தனியாக வரமாட்டார். பின்னால் ஒரு கூட்டம் மாணவர்கள் வருவார்கள். வெள்ளை மேலங்கி, கையில் கொப்பி, கழுத்து நிறைய வேர்வை. அவர் வெண்புள்ளிக்குப் புதிதாக ஒரு பூச்சு மருந்தைப் பரீட்சித்துப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, அம்மாவும் அக்காவும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முழுக்கைச் சேட்டு, தலையில் துவாய். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பஸ்ஸில் ஒரு கிழவர் “புதுப்பொம்பிளையோ?” என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் என்னைச் சேட்டைக் கழற்றச் சொல்லி ஒரு ஸ்ரூலில் ஏற்றி இருத்தினார்கள். டொக்டர் என்னைக் காட்டிக்கொண்டு மாணவர்களோடு இங்கிலீசில் கதைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நான் ஒரு நல்ல சாமான் என்று மட்டும் விளங்கியது. மாடு வாங்க வருகிறவன் கதைக்கிற மாதிரியே இருந்தது அந்தத் தொனி. கண்ணாடி போட்ட ஒரு மாணவர் முன்னால் வந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் குண்டூசி.

“கண்ணை மூடும். நான் குத்துறது தெரிஞ்சால் ஓம் எண்டு சொல்லும்.”

வெள்ளையில் உணர்ச்சி இல்லாவிட்டால் அது வெண்புள்ளி இல்லை, உண்மையான குட்டம். அதைத்தான் பார்க்கிறார்கள் என்று பஸ்ஸில் வரும்போதே அம்மா சொல்லித் தந்திருந்தார். கண்ணாடியர் குத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் குத்தினார். நான் கோவிலில் நிற்கிற மாதிரி அமைதியாக இருந்தேன்.

“சேர்...” என்றார். ஒரு அடி பின்னால் போய்க் கையை மேலங்கியில் துடைத்தார். மற்ற மாணவர்களும் ஸ்ரூலை விட்டு விலகினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, தோள் குலுங்கியது.

டொக்டர் குண்டூசியை வாங்கினார். வாங்கி, என் முழங்கைக்குக் கீழே, அதன் குண்டுத்தலை வரைக்கும் இறக்கினார்.

“ஐயோ அம்மா!”

“தெரியுதோ?”

“தெரியுது ஐயா. நயினாதீவு வரைக்கும் தெரியுது.”

மாணவர்கள் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. ஊசியைக் கழற்றிக் கண்ணாடியரிடம் திருப்பிக் கொடுத்தார். “நோயாளி பொய் சொல்லுவான். தோல் சொல்லாது. எழுதும்” என்றார்.

பிறகு மேசையில் இரண்டு சின்ன டப்பிகளை வைத்தார். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதுக்கு நீல மூடி. சிவப்பு வலது கைக்கு, நீலம் இடது கைக்கு. ஒன்றில் மருந்து இருக்கிறது. பரியாரிமார் அரைத்துப் பூசுகிற கார்போகரிசியில் இருந்து எடுத்தது. மற்றதில் வெறும் மெழுகு. பூசிவிட்டுக் காலை இளவெயிலில் கொஞ்சம் இருக்கவேண்டும், பிறகு கழுவிவிட்டு நிழலுக்குள் போய்விடவேண்டும்.

“எதுக்குள்ளை ஐயா மருந்து?” என்று அக்கா கேட்டாள்.

“எனக்கே தெரியாது பிள்ளை.”

“தெரியாமலோ குடுக்கிறியள்?”

“தெரியாமல் குடுத்தால்தான் தெரியவரும்.”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு வேறு கவலை. “ஐயா, கைக்கு நீட்டுச் சேட்டு போடலாம். முகத்துக்கு என்னத்தைப் போடுறது? முகத்துக்குத் தாங்கோ.”

“முகத்தில இப்ப பூசக்கூடாது. கையில பாத்துப்போட்டுத்தான் முகம்.”

“பொம்பிளை பாக்க வாறவை கையையோ ஐயா பாக்கப் போயினம்?”

“அம்மா, நான் கலியாணத் தரகர் இல்லை.” எழும்பிவிட்டார். எவ்வளவு நேரம் வெயிலில் இருக்கவேண்டும் என்று அம்மா பின்னால் ஓடிப்போய்க் கேட்டார். எங்கள் வீட்டில் ஓடுகிற மணிக்கூடு இல்லை, றேடியோதான் இருந்தது. “றேடியோவில ஒரு பாட்டு முடியிற நேரம். அதுக்கு மேலை வேண்டாம்” என்றார் டொக்டர்.

பூசுகிற வேலை அக்காவுடையது. தினமும் காலையில் பூவரசுக்குப் பக்கத்தில் என்னை இருத்தி, ஒரு கோழிச் சிறகால் தொட்டுத் தொட்டுப் பூசுவாள், விரலால் தொடமாட்டாள். நான் வேண்டுமென்றே பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவேன். “இன்னும் சரணம் முடியேல்லை அக்கா.” “உன்ரை சரணம் முடியிற நாள்தான் எனக்கு நல்ல நாள்” என்பாள்.

சில வாரங்கள் போயின. ஒரு காலை அவள் என் வலது கையைப் பிடித்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். சிறகால் இல்லை, கையால் பிடித்தாள். வெள்ளைக்கு நடுவில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். இடது கையில் ஒன்றுமில்லை.

“அம்மா! சிவப்பு மூடிதான் மருந்து!”

டொக்டருக்குத் தெரியாததை எங்கள் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு முட்டை பொரித்துத் தந்தார்கள். அந்த வீட்டில் நான் மனிதனாகச் சாப்பிட்ட சாப்பாடுகளில் அது ஒன்று.

அதற்குள் நாரந்தனையில் இருந்து தரகர் ஓடிவந்தார். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம் வந்துவிட்டதாம், வன்னிப்பக்கம் போகப்போகிறாராம். போவதற்கு முன் பெண்ணைப் பார்த்துச் சரிக்கட்டிவிடவேண்டும் என்று தாய்க்காரி நிற்கிறாவாம். நாள் குறித்துவிட்டார்கள். இந்தக் கிழமையே.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு மிளகுத்தூளும் இல்லை. சுத்த வெள்ளை.

இனி நடந்தது எங்கள் தீவில் மட்டும்தான் நடக்கும். ஒடியல் போடுகிறவர்களுக்கு வெயில் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. அரைவாசி காய்ந்ததை எடுத்தால் பூஞ்சணம் பிடிக்கும். முறித்தால் ‘டக்’ என்று முறிகிற மட்டும் காயவேண்டும். மத்தியானத்தில் ஒருக்கால் புரட்டிவிடவேண்டும். அம்மா வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்தவர்.

“ஒரு பாட்டு நேரத்துக்கே கை இவ்வளவு கறுத்திருக்கு. ஒரு பகல் கிடந்தால் எவ்வளவு கறுக்கும்?” என்றார்.

“டொக்டர் வேண்டாமெண்டவர்” என்றேன்.

“அவர் ஒடியல் போட்டவரோ?”

சிவப்பு மூடியில் மிச்சம் இருந்ததை முழுக்க என் முகத்தில் அப்பினார்கள். கழுத்துக்குப் போதவில்லை. நீலத்துக்குள்ளும் ஏதாவது கொஞ்சம் இருக்கும், அது மெதுவான மருந்தாக இருக்கும் என்று நீலத்தையும் வழித்து, கழுத்துக்கும் இரண்டு கைகளுக்கும் கலந்து பூசினார்கள். முற்றத்தில் ஒடியல் பாய்க்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் விரித்தார்கள். காகம் கலைக்கிற தடியோடு அக்கா நிழலில் குந்தியிருந்தாள். அந்தத் தடி காகத்துக்கு மட்டுமில்லை. நான் எழும்பப் பார்த்தால் முழங்காலில் விழும்.

“தண்ணி தா அக்கா.”

“ஒடியல் தண்ணி கேக்கிறேல்லை.”

“காகம் என்னைக் கொத்தப்போகுது.”

“அதுக்கும் நல்லது கெட்டது தெரியும், கொத்தாது. திரும்பு, மற்றக் கன்னம்.”

பொழுது சாய்ந்த பிறகு பார்த்தார்கள். ஒன்றுமில்லை. சிவக்கக்கூட இல்லை. அம்மாவுக்கு ஏமாற்றம். ஆகவே அடுத்த நாளும் என்னைக் காயப்போட்டார்கள். அந்த மருந்து வெயில் குடித்துக்கொண்டு பதுங்கியிருந்து பிறகுதான் பாயும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? டொக்டர் ஒரு பாட்டு என்றார். ஏன் ஒரு பாட்டு என்று அவர் சொல்லவில்லை.

அதற்கடுத்த காலை எனக்குக் கண் திறக்கவில்லை. விடியவில்லை என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு கோழி கத்துவதும் அம்மா கத்துவதும் கேட்டன. முகத்தில் கை வைத்தேன். அது என் முகம் இல்லை, நீர் நிரப்பிய ஏதோ பை. கழுத்திலும் கைகளிலும் கொப்புளங்கள் திராட்சைக் குலை போல. ஒன்று உடைந்து வழிந்தது. அப்போதுதான் நோவு வந்தது. நான் போட்ட சத்தத்துக்கு நாய் எழும்பி வெளியே போய்விட்டது.

அன்றைக்குத்தான் பெண் பார்க்க வருகிறார்கள்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்” என்று அம்மா அழுதார்.

“கொண்டுபோனால் வீட்டில ஆர் நிக்கிறது? அவை வாற நேரம்” என்றாள் அக்கா. அவள் அழவில்லை. என்னைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். கண்ணிடுக்கால் அவள் கால்கள் எனக்குத் தெரிந்தன. “அம்மா, வெள்ளை எங்கை? ஒண்டும் தெரியேல்லையே. எல்லாம் வெந்து கிடக்கு.” பிறகு குரல் மாறியது. “ஜெற்றியில எண்ணெய்ப் பரல் பத்தினது, ஹெலி சுட்டது எண்டு சொல்லுவம்.”

அந்த நாட்களில் ஹெலிகொப்டர் வந்து சுடுவதும், எண்ணெய்ப் பீப்பாய் பற்றுவதும், சனம் வாழைக்குள் விழுந்து படுப்பதும் புதினமில்லை. ஆகவே பொய்க்கு ஒரு குறையுமில்லை. எனக்குச் சுத்தமான வேட்டி கட்டி, வாழையிலை விரித்து, முன் விறாந்தையில் எல்லாரும் காணக்கூடியதாகக் கிடத்தினார்கள். அதுவரைக்கும் குசினிக்குள் ஒளித்து வைத்த பிள்ளையை, வெந்து போன பிறகு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். ஹெலிக்காரன் எரித்த முகத்துக்கு ஊரில் மரியாதை இருந்தது. கடவுள் வெளுத்த முகத்துக்குத்தான் இல்லை.

மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வந்தார்கள். தாய்க்காரி படலையில் கால் வைத்ததும் என்னைக் கண்டு ஓடிவந்து பக்கத்தில் இருந்துவிட்டா.

“ஐயோ என்ரை ராசா! ஆரடா இந்தப் பச்சைப் பிள்ளையை இப்பிடிச் செய்தது?”

“ஹெலி, மாமி” என்றேன். வாய் வீங்கியிருந்தபடியால் சொல் வழுக்கியது. “இரண்டு தரம் சுத்திச்சுது. நான் ஒரு மனிசியை இழுத்துக்கொண்டு ஓடினனான். திரும்பிப் பாக்கிறன், பரல் வெடிக்குது.”

மனிசியை இழுத்தது எங்கள் ஏற்பாட்டில் இல்லை. தேத்தண்ணித் தட்டோடு நின்ற அக்காவின் கோப்பைகள் கிலுங்கின. ஆனால் தாய்மாமன் “இவன் ஆம்பிளை” என்று எழும்பி நின்று சொன்னார். தாய்க்காரி தன் சேலைத் தலைப்பால் எனக்கு விசிறினா. “கலியாணத்துக்கிடையில சுகமாயிடும். என்ரை பிள்ளைக்குக் கால் கழுவ நீதானே நிக்கவேணும்” என்றா. அம்மா கதவோரம் நின்று கும்பிட்டார். வடை வந்தது. நாள் பார்க்கிற கதை தொடங்கியது. அக்காவின் கலியாணம் முடிந்தமாதிரித்தான்.

படலையடியில் ஜீப் வந்து நின்றது.

அன்று டொக்டரின் மாதக் கிளினிக் நாளும்கூட. நாங்கள் அதை மறந்துபோனோம். என் கைகளைப் படம் பிடிக்கவென்று கமெரா கடன் வாங்கிக்கொண்டு வந்தவர், நான் வராதபடியால் மாணவர்களையும் ஏற்றிக்கொண்டு வீடு தேடி வந்துவிட்டார். விறாந்தையில் ஏறி என்னைக் கண்டார். நின்றுவிட்டார். மனிதர் வாயில் முதல் வந்த கேள்வியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. நோகுதா என்று கேட்கவில்லை.

“எந்த மூடியைப் பூசினனீர்?”

“இரண்டும் ஐயா.”

“எந்தப் பக்கம்?”

“எல்லாப் பக்கமும்.”

கதிரையில் இருந்துவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல இருந்தார்.

“டொக்டர், பாவம் பொடியன். ஹெலி சுட்டுப் பரல் வெடிச்சது. ஒரு மனிசியைக் காப்பாத்தினவன்” என்று மாமி சொன்னா.

“ஹெலியோ? இது வெண்புள்ளி மருந்து. வெயிலில வெந்தது.” அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் படிப்பிக்கிற ஆள், பக்கத்தில் மாணவர்கள் நின்றால் வாய் நிற்காது. “எல்லாரும் கிட்ட வாங்கோ. கொப்புளம் எங்கை நிக்குது எண்டு பாருங்கோ. கழுத்தோட நிக்குது, நெஞ்சில இல்லை. ஏன்?” மாணவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வடைத் தட்டைத் தாண்டி ஒருவர் காலை வைத்தார். கமெரா கிளிக் என்றது.

மாமி மெதுவாக எழும்பி, எல்லாருக்கும் பின்னால் நின்ற கண்ணாடியரைப் பிடித்தா.

“தம்பி, அது பரம்பரையா வாற வருத்தமோ?”

கண்ணாடியர் நேர்மையானவர். பாடத்தில் உள்ளதைச் சரியாகச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறவர். “சில குடும்பங்களில வரும் அம்மா. ஆனால் எல்லாருக்கும் வருமெண்டில்லை. ஒருத்தரிட்டை இருந்து மற்றவருக்குத் தொத்தாது.” மாமி முதல் வசனத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டா. அவ முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

டொக்டரும் அதே கேள்விக்குத்தான் வந்தார், ஆனால் வேறு வழியால். அம்மாவிடம் திரும்பி, “மூத்த பிள்ளைக்கு இருக்கோ? அடுத்த முறை அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, பாக்கவேணும்” என்றார்.

அக்கா தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தாள்.

“அடுத்த முறை என்னத்துக்கு? இப்பவே பாருங்கோ.”

சட்டைக் கையைத் தோள்மட்டும் சுருட்டினாள். இரண்டு கைகளையும் நீட்டினாள், முதலில் டொக்டருக்கு, பிறகு மாமிக்கு. மாணவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். டொக்டர் எட்டிப் பார்த்துவிட்டு “ம்” என்றார். மாமி மட்டும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தா. சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிறமாதிரி முழங்கையைப் புரட்டினா. காதைப் பின்னால் மடித்துப் பார்த்தா. கொண்டையைத் தூக்கிப் பிடரி பார்த்தா. கால்விரல்களுக்கு இடையில் குனிந்து பார்த்தா.

“அறைக்குள்ளை வா பிள்ளை, முதுகைப் பாக்க.”

கதவைச் சாத்தினா. வெளியே தாய்மாமன் மிச்சமிருந்த வடையைத் தின்றார். நான் ஒரு பகிடி சொல்லப் பார்த்தேன், வாய் வெடித்து இரத்தம் வந்தது.

கதவு திறந்தது. “பிள்ளையில ஒண்டுமில்லை” என்றா மாமி. பிறகு செருப்பைத் தேடினா. “யோசிச்சுச் சொல்லிவிடுறம்.”

என்னை அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வார்ட்டில் ஈரத்துணி போட்டுக் கிடத்தினார்கள். கண்ணாடியர் மற்றவர்களோடு பட்டினத்துக்குத் திரும்பாமல் இரண்டு மூன்று நாள் நின்று துணி மாற்றினார். நான் அவரிடம் ஒவ்வொரு முறையும் “டொக்டர், குண்டூசி கொண்டுவந்தனீங்களோ?” என்று கேட்பேன். மனிதர் ஒருமுறையும் சிரிக்கவில்லை. “நான் அந்த அம்மாவுக்குச் சொன்னது சரிதானே?” என்று ஒருநாள் தானாகவே கேட்டார். “சரிதான் டொக்டர். சோதினைப் புள்ளி போடலாம்” என்றேன்.

தோல் பாம்புச் சட்டை போல உரிந்தது. உரிந்த இடத்தில் கீழே வந்தது கறுப்பு. உதட்டோரம் கறுப்பு, கழுத்து கறுப்பு, கைகள் இரண்டும் கறுப்பு. எல்லாம் என் பழைய நிறம். டொக்டர் வந்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார். சந்தோசமா துக்கமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

அக்கா ஒரேயொரு நாள்தான் வந்தாள். கட்டில் காலோடு நின்றாள், இருக்கவில்லை.

“நாரந்தனைக்காரர் சொல்லிவிட்டிருக்கினம். ஓமாம்.”

“பாத்தியே! மாமிக்கு என்னிலதான் விருப்பம்.”

“ஒரு நிபந்தனையோட ஓமாம். நீ கலியாணத்தில நிக்கக்கூடாது. தோழனா நிக்கக்கூடாது, படத்தில வரக்கூடாது, சனம் நிக்கிற நேரம் வீட்டு வளவுக்குள்ளை இருக்கக்கூடாது.”

“அதுக்கு நீ என்ன சொன்னனீ?”

“ஓமெண்டு சொல்லிவிட்டனான்.”

“என்னைக் கேக்கேல்லையே.”

“கேட்டால் பகிடி விடுவாய்.” ஜன்னலைப் பார்த்தாள். “பெரியப்பான்ரை மகன் தோழனா நிப்பான்.”

“அவன் தன்ரை காலையே கழுவமாட்டான், மாப்பிள்ளைக்கோ கழுவப் போறான்?” பிறகு என் முகத்தைத் தடவிக் காட்டினேன். “அக்கா, வடிவாப் பார். எல்லாம் கறுத்திட்டுது. அவையளைக் கூப்பிட்டுக் காட்டுவம்.”

அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். “காட்டினால், திரும்ப வெளுக்காதோ எண்டு கேப்பினம். என்ன சொல்லுவாய்?”

அதை நான் டொக்டரிடமும் கேட்டேன். “வரலாம். வராமலும் விடலாம். அதைத்தான் நாங்கள் பாக்கவேணும்” என்றார். அக்காவுக்கு அந்தப் பதில் போதாது. மாமிக்கு அது வேண்டியதற்கு மேலாகப் போதும்.

கலியாண வீட்டுக்குப் பந்தல் கட்டியது நான். வாழை வெட்டி நட்டதும், கிணறு இறைத்ததும், சமையல் கிடாரம் சுமந்ததும் நான். முதல்நாள் பின்னேரம் நாரந்தனை ஆட்கள் பலகாரம் கொண்டுவருகிறார்கள் என்றதும் அம்மா என் கையில் ஒரு பொதிச் சோற்றைத் தந்து படலை வரைக்கும் வந்தார். நான் வெளியே போனதும் படலையைச் சாத்தினார். திறந்து கிடந்தால் நான் திரும்பி வந்துவிடுவேன் என்று பயந்திருக்கவேண்டும். டொக்டர் தன் மாணவர்களுக்குக் காட்டவேண்டும் என்று என்னைப் பட்டினத்துக்கு வரச் சொல்லியிருந்தார். எப்போது வசதி என்று கேட்டபோது நான்தான் அந்த நாளைச் சொன்னேன்.

பெரிய மண்டபம். படிப்படியாக இருக்கை வாங்குகள், நிறைய மாணவர்கள். சேட்டைக் கழற்றி நடுவில் நிறுத்தினார்கள். டொக்டர் இம்முறை எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ தமிழில் கதைத்தார்.

“இவருக்கு வருத்தம் மாறியிருக்கு. ஆனால் இவரால எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எந்த மருந்து, எந்தப் பக்கம், எவ்வளவு வெயில், ஒண்டும் தெரியாது. நோயாளியை நம்பினால் இதுதான் நடக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே சிரிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

முன் வாங்கில் இருந்து ஒரு மாணவியை அழைத்தார். அவ கொப்பியை விரித்தா.

“உங்களுக்குச் சகோதரங்கள் இருக்கினமோ?”

“ஒரு அக்கா.”

“அவவுக்கு வெள்ளை ஏதும் இருக்கோ?”

“இல்லை.”

“கலியாணம் முடிச்சவவோ?”

சுவரில் மணிக்கூடு இருந்தது. எங்கள் வீட்டில் இல்லாத மணிக்கூடு. முகூர்த்தம் எனக்குத் தெரியும், அதற்காகத்தானே பந்தல் கட்டினேன்.

“இப்பத்தான். இந்த நிமிசம் முடியுது.”

மாணவி எழுதுவதை நிறுத்தினா. “அப்ப நீங்கள்... ஏன் போகேல்லை?”

“பிள்ளை, கேள்வி வருத்தத்தைப் பற்றி மட்டும்” என்றார் டொக்டர். “கொப்பியை வையும். முதல் எங்கை வெள்ளை இருந்தது? ஆளைப் பாத்துச் சொல்லும்.”

அவ கிட்ட வந்தா. என் நாடியைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினா. கழுத்தைப் பார்த்தா, கைகளைப் புரட்டிப் பார்த்தா, உதட்டோரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தா.

“ஒண்டும் தெரியேல்லை சேர்.”

“வடிவாப் பாரும்” என்றார் டொக்டர்.

அவ திரும்பவும் முதலில் இருந்து பார்க்கத் தொடங்கினா. நான் வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.